இரண்டு ஆன்டிவைரஸ், 4,850 ரூபாய், பில் கிடையாது

நேற்று ராத்திரி பதினொன்றரை மணிக்குத்தான் இரண்டையும் கழற்றி எறிந்தோம். கோபம் இன்னும் அடங்கவில்லை. அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். அடங்கிவிட்டால் "போகட்டும், 4,850 ரூபாய்தானே" என்று நானே விட்டுவிடுவேன். அந்த 4,850 ரூபாய் ஒரு யூனிட்டுக்கு ஒரு மாதம் முழுக்கக் கணக்கு எழுதினால் எனக்குக் கிடைக்கிற கூலி. வீட்டுக் கணினிக்கு எந்த ஆன்டிவைரஸ் வைத்துக்கொள்ளலாம் என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

எனக்குத் திருப்பூர். நாலு ஜாப் ஒர்க் யூனிட்டுகளுக்கு வீட்டில் இருந்தபடியே பில் என்ட்ரி போட்டு, ஜிஎஸ்டி ரிட்டர்ன் தாக்கல் செய்து கொடுக்கிறேன். கணினி செகண்ட் ஹேண்டில் வாங்கியது. விண்டோஸ் 10, எட்டு ஜிபி ராம், பழைய ஹார்ட் டிஸ்க். வேகம் கம்மிதான், ஆனால் ஒருநாளும் காலை வாரியதில்லை.

ஆறு வாரம் முன்பு திரையின் வலது கீழ் மூலையில் சின்னச் சின்னப் பெட்டிகள் வர ஆரம்பித்தன. சிவப்பு முக்கோணம், "உங்கள் கணினியில் 5 வைரஸ்கள்", "வங்கி விவரம் திருடப்படுகிறது". ஒன்றை மூடினால் இன்னொன்று. நாலு பேருடைய கணக்கு இந்தப் பெட்டிக்குள் இருக்கிறது என்று நினைத்ததும் எனக்குக் கை நடுங்கிவிட்டது. பக்கத்து வீதியில் கணினி விற்று சர்வீஸும் செய்கிற கடை ஒன்று உண்டு. பெயர் வேண்டாம். ஒரு கண்ணாடிக் கதவு, உள்ளே நாலு மானிட்டர், வெளியே "ஆல் பிராண்ட் லேப்டாப் சர்வீஸ்" என்று பலகை. எல்லா ஊரிலும் இருக்கிற கடைதான். போன் போட்டேன். சனிக்கிழமை ஒரு தம்பியை அனுப்பினார்கள்.

அவன் வாசலில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே வந்தான். தண்ணீர் கொடுத்தால் அண்ணாந்து குடித்தான். "அக்கா, பயப்படாதீங்க, இதெல்லாம் நாங்க தினமும் பார்க்கறதுதானுங்க" என்றான். நான் ஏமாந்தது அங்கேதான். வந்த உடனே விலை பேசியிருந்தால் நானும் பேரம் பேசியிருப்பேன். அவன் பேசவே இல்லை. பென்டிரைவைச் சொருகி ஏதோ ஒரு ஸ்கேனை ஓட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். ஒரு வட்டமான மீட்டர், அதற்குள் எண் ஏறிக்கொண்டே போகிறது. 200, 700, 1,300. 1,843-இல் நின்றது. கீழே சிவப்பில் "அபாயம்". மீட்டரை விட்டுத் திரும்பி என் முகத்தைப் பார்த்தான். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

அந்த 1,843 என்ன தெரியுமா? பிரவுசரில் கிடந்த குக்கீகள் (நாம் போகிற தளங்கள் விட்டுவைக்கிற சின்னச் சின்னக் குறிப்புகள்), எப்போதோ நீக்கிய மென்பொருள்கள் விண்டோஸின் அமைப்புப் பட்டியலான ரெஜிஸ்ட்ரியில் விட்டுப்போன வரிகள். புதுக் கணினியில் ஒரு வாரம் செய்தி படித்தாலும் அதில் பாதி சேர்ந்துவிடும். வைரஸ் ஒன்றுகூட இல்லை. இது எனக்கு நேற்றுத்தான் தெரிந்தது.

"விண்டோஸ்லயே ஒண்ணு இருக்குதே தம்பி, டிஃபெண்டர்னு" என்று கேட்டேன். கேட்காமல் இல்லை. "அது டம்மிங்க்கா. ஃப்ரீயாக் குடுக்கறது எதுங்க்கா வேலை செய்யும்?" என்று சிரித்தான். பழைய விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் அப்படிச் சொல்லியிருந்தால் ஒப்புக்கொள்ளலாம். அப்போது டிஃபெண்டர் வேவு மென்பொருளை மட்டும்தான் பிடிக்கும். 2012-இல் விண்டோஸ் 8 வந்தபோதே அதை முழு ஆன்டிவைரஸாக மாற்றிவிட்டார்கள். ஜெர்மனியில் ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவில் ஏவி-கம்பேரட்டிவ்ஸ் என்று இந்த மென்பொருள்களைச் சோதிப்பதையே தொழிலாக வைத்திருக்கிற இரண்டு ஆய்வகங்கள் இருக்கின்றன. காசு கொடுத்து வாங்குகிறவற்றோடு சேர்த்துத்தான் அங்கே டிஃபெண்டரையும் சோதிக்கிறார்கள். ஏவி-டெஸ்டில் பாதுகாப்புக்கு ஆறுக்கு ஆறு பலமுறை வாங்கியிருக்கிறது அந்த "டம்மி".

அப்புறம் பையிலிருந்து இரண்டு அட்டைகளை எடுத்தான். ஒன்று மூன்று வருட ஆன்டிவைரஸ், 2,400 ரூபாய். இன்னொன்று வேறு கம்பெனியின் இன்டர்நெட் பாதுகாப்பு, 1,650. "ஒண்ணு வைரஸைப் பார்த்துக்கும், ஒண்ணு நெட்டைப் பார்த்துக்கும். டபுள் சேஃப்டிங்க்கா." சுரண்டும் அட்டைதான், பளபளவென்று ஸ்டிக்கர் வேறு. பத்து ரூபாய் நாணயத்தால் நானே சுரண்டினேன். வெள்ளித் தூள் மேசை முழுக்க விழுந்தது. சர்வீஸ் சார்ஜ் 800. ஆக மொத்தம் 4,850.

"பில் வேணுமாங்க்கா? போட்டா பதினெட்டு பர்சென்ட் கூட வருமுங்க" என்றான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஊரான் பில்லெல்லாம் சரியாக இருக்கிறதா என்று வரி வரியாகப் பார்த்துப் பிழைக்கிறவள், எனக்கென்று வந்தபோது பில் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இதை நினைத்தால்தான் தூக்கம் வரவில்லை. ஜிபேயில் அனுப்பினேன். அதுவும் கடைக் கணக்குக்குப் போகவில்லை, யாரோ ஒருவரின் சொந்த எண்ணுக்குப் போனது. அதையும் அப்போது கவனிக்கவில்லை.

மறுநாள் காலையில் பட்டனை அமுக்கிவிட்டு அடுப்பில் பாலை வைத்தேன். பால் பொங்கி, காபி கலந்து, குடித்து, டம்ளரையும் கழுவி வைத்துவிட்டு வந்து பார்த்தால் இன்னும் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கிறது. பதினோரு நிமிடம். ஒரு எக்செல் ஃபைலைத் திறக்க ஒன்றரை நிமிடம். ஒரு ஆன்டிவைரஸ் "சந்தேகத்துக்குரிய கோப்பு" என்று எதையோ பிடித்து அடைத்து வைத்திருந்தது. பெயரைப் பார்த்தால் அது மற்ற ஆன்டிவைரஸின் கோப்பு! கடைக்குக் கூப்பிட்டேன். "புதுசுல அப்படித்தானுங்க்கா இருக்கும், செட் ஆகிடும்" என்றார்கள்.

செட் ஆகவில்லை. 20-ஆம் தேதி, 3பி என்கிற மாதாந்திர ஜிஎஸ்டி ரிட்டர்ன் தாக்கலுக்குக் கடைசி நாள், கணக்கு மென்பொருள் திறந்த பாதியில் அப்படியே உறைந்து நின்றது. மவுஸ் மட்டும் நகர்கிறது, வேறு எதுவும் அசையவில்லை. மூன்று யூனிட்டுக்கு எப்படியோ ராத்திரிக்குள் போட்டேன். நாலாவது 22-ஆம் தேதிதான் போனது. ஒரு நாளைக்கு 50 வீதம் தாமதக் கட்டணம் 100 ரூபாய். அந்த நூறை நான் என் கையிலிருந்து கட்டினேன். யூனிட்காரர் ஒன்றும் திட்டவில்லை. "உங்ககிட்ட இப்படி ஆகாதுங்களேம்மா" என்று மட்டும் கேட்டார். திட்டியிருக்கலாம்.

முப்பத்தோராம் நாள் அந்த 2,400 ரூபாய் ஆன்டிவைரஸ் சிவப்பாக மாறிவிட்டது. "உரிமம் முடக்கப்பட்டது." மூன்று வருடம் என்று வாங்கியது ஒரு மாதம்! கம்பெனியின் உதவி எண்ணுக்கு அடித்தேன். அங்கே பேசிய பெண் பொறுமையாக அட்டை எண்ணைக் கேட்டுப் பார்த்துச் சொன்னார். ஒரு அலுவலகத்துக்குப் பத்துக் கணினிக்கென்று மொத்தமாகக் கொடுத்த சாவியாம் அது, எண்ணிக்கைக்கு மேல் போய்விட்டதால் முடக்கிவிட்டார்களாம். வாங்கின இடத்தில் கேளுங்கள் என்றார். பளபள ஸ்டிக்கரும் வெள்ளித் தூளும் எந்த அச்சகத்தில் செய்ததோ.

வாங்கின இடத்தில் கேட்டேன். வரிசையாகக் கிடைத்த பதில்கள் இவை. "அது கம்பெனி ப்ராப்ளமுங்க்கா." "ஓனர் கோயமுத்தூர் போயிருக்காருங்க." "அந்தத் தம்பி இப்ப நம்மகிட்ட இல்லீங்களே." வாட்ஸாப்பில் ஜிபே ரசீதைப் போட்டேன், நீல டிக் வந்தது, பதில் வரவில்லை. நேரில் போனால் வேறு ஒருவர் வாடிக்கையாளர் லேப்டாப்பைத் திருகிக்கொண்டே, தலையைத் தூக்காமல், "சாஃப்ட்வேருக்கு ரிட்டர்ன் கிடையாதுங்க. வேணும்னா ஃபார்மெட் போட்டுத் தர்றேன், 600 ஆகும்" என்றார். 4,850 போனது போதாது, இன்னும் 600. "பில் கொண்டு வாங்க, பார்க்கலாம்" என்றார் கடைசியாக. அவருக்கே தெரியும், பில் இல்லை என்று.

இதில் வேடிக்கை என்னவென்றால், இத்தனைக்கும் அந்தச் சிவப்பு முக்கோணப் பெட்டிகள் ஒருநாளும் நிற்கவில்லை. எதற்காகக் கூப்பிட்டேனோ அது மட்டும் அப்படியே இருந்தது.

நேற்றுத் தற்செயலாகத் தங்கச்சி மகன் போன் செய்தான். கோவையில் படிக்கிறான். புலம்பினேன். "பெரியம்மா, அது வைரஸே இல்லை. குரோமில் அமைப்புகளுக்குள் போய் நோட்டிஃபிகேஷன் எங்கே இருக்கிறது பாருங்க" என்றான். பார்த்தால், பெயரே கேள்விப்படாத மூன்று தளங்களுக்கு அனுமதி கொடுத்திருக்கிறது. என் மகன் கிரிக்கெட் நேரலை தேடியபோது ஏதோ ஒரு பக்கம் "நீங்கள் ரோபோ இல்லை என்றால் அனுமதி என்பதை அமுக்கவும்" என்று கேட்டிருக்கிறது, அவனும் அமுக்கியிருக்கிறான். அந்தத் தளங்கள் அனுப்பிய விளம்பரங்கள்தான் அந்தப் பெட்டிகள். மூன்றையும் நீக்கினேன். இரண்டு நிமிட வேலை. அதோடு சரி, நேற்றிலிருந்து ஒன்றுகூட வரவில்லை.

இரண்டு ஆன்டிவைரஸ் ஏன் ஆகாது என்றும் கேட்டேன். நீங்கள் எந்தக் கோப்பைத் திறந்தாலும் ஆன்டிவைரஸ் நடுவில் புகுந்து முதலில் தான் பார்த்துவிட்டுத்தான் விடும். இரண்டு இருந்தால் இரண்டும் புகும். இது பார்ப்பதற்காகத் திறப்பதை அது ஒரு புதுத் திறப்பு என்று நினைத்துத் தானும் பார்க்கும். எங்கள் ஊர்க் கணக்கில் சொன்னால், ஒரே பீஸை இரண்டு செக்கிங் டேபிளுக்கு மாற்றி மாற்றி அனுப்பினால் அது எப்போது பேக்கிங் போவது? போதாததற்கு, ஒன்று வைத்திருக்கிற வைரஸ் மாதிரிகளைப் பார்த்து மற்றது வைரஸ் என்று நினைத்துவிடும். வெளி ஆன்டிவைரஸ் ஒன்று ஏறினால் டிஃபெண்டர் தானாக ஒதுங்கிக்கொள்வதே இந்தச் சண்டை வேண்டாம் என்றுதான். மைக்ரோசாஃப்டுக்குத் தெரிந்தது அந்தக் கடைக்குத் தெரியாமலா இருக்கும்?

சாதாரணமாக நீக்கினால் மிச்சம் மீதி ஒட்டிக்கொண்டிருக்கும் என்று, இரண்டு கம்பெனிகளின் தளத்திலிருந்தும் அவரவர் நீக்கும் கருவியை இறக்கி ஓட்டச் சொன்னான். ஓட்டினேன். கணினியை அணைத்துப் போட்டதும் டிஃபெண்டர் தானாக எழுந்துகொண்டது. நம்பிக்கை வரவில்லை எனக்கு. "சோதித்துப் பாருங்க" என்று ஐகார் என்ற சோதனைக் கோப்பை இறக்கச் சொன்னான். 68 எழுத்து ஒரே வரி, யாருக்கும் எந்தக் கெடுதலும் செய்யாது, ஆன்டிவைரஸ் விழித்திருக்கிறதா என்று பார்ப்பதற்கென்றே செய்தது. இறக்கி முடிப்பதற்குள் "அச்சுறுத்தல் கண்டறியப்பட்டது" என்று பிடித்துக்கொண்டது டம்மி.

கணினி இன்று காலை இரண்டு நிமிடத்துக்குள் எழுந்தது. 4,850 ரூபாய் கொடுப்பதற்கு முன்பு எப்படி இருந்ததோ அப்படி.

இன்னொரு வயிற்றெரிச்சலும் உண்டு. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்த வழக்கமான ஆதரவு, அதாவது பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கிற அப்டேட்கள், 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. உண்மையில் என்னை எச்சரிக்க வேண்டியது அதைப் பற்றித்தான். அதைப் பற்றி அந்தத் தம்பி வாயே திறக்கவில்லை. அதில் அவனுக்கு விற்க அட்டை இல்லையே.

எந்த ஆன்டிவைரஸ் என்று விவரமாக எழுதுவதாகச் சொன்னேன். இப்போது நேரமில்லை, இந்த மாத 3பி பாக்கி கிடக்கிறது. சுருக்கமாக: ஒன்று போதும், அது விண்டோஸில் ஏற்கெனவே இருக்கிறது. காசு கொடுத்தே ஆக வேண்டும் என்றால் கம்பெனியின் சொந்தத் தளத்தில் வாங்குங்கள், பழையதை நீக்கிவிட்டு ஏற்றுங்கள். வீட்டுக்கு வந்து சுரண்டும் அட்டை நீட்டுகிறவரிடம் வேண்டாம். மூலையில் பெட்டி வந்தால் முதலில் குரோம் நோட்டிஃபிகேஷனைப் பாருங்கள். போன் நம்பரோடு வருகிற வைரஸ் எச்சரிக்கை அத்தனையும் பொய், கூப்பிடாதீர்கள். கணக்கு ஃபைலை வாரம் ஒருமுறை பென்டிரைவில் எடுத்துவிட்டுப் பென்டிரைவைக் கழற்றி வையுங்கள். பில் வாங்குங்கள். பதினெட்டு பர்சென்ட் போனால் போகட்டும், பில் வாங்குங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்லலாம் என்கிறார்கள். கையில் இருப்பது ஒரு ஜிபே ரசீது, அதுவும் யாரோ ஒருவரின் பெயரில். அதை வைத்தே அடித்துப் பார்க்கப் போகிறேன். அதற்கு முன்பு சனிக்கிழமை வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போகிறேன், அந்த இரண்டு அட்டைகளோடு. சர்வீஸ் சார்ஜ் 800-ஐ விட்டாலும் அட்டைக் காசு 4,050-ஐ விடப்போவதில்லை.