தோட்டத்தோடு ஒரு கிராமத்து வீடு: டெல்டாவா, பொள்ளாச்சியா, ஏற்காடா?

முதிர்ந்த மரங்களோடு கிராமத்தில் ஒரு குடும்ப வீடு வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் கட்டடத்தைத்தான் முதலில் பார்க்கிறார்கள். சுவரில் விரிசல் இருக்கிறதா, குளியலறை எத்தனை, கார் உள்ளே வருமா என்றெல்லாம் விசாரித்துவிட்டு, தோட்டத்தைக் கடைசியில் ஒரு சுற்றுச் சுற்றி வருவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இந்த முறை தலைகீழாக மாற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒழுகும் கூரையை ஒரே கோடையில் பிரித்து மேய்ந்துவிடலாம். நாற்பது வயதுப் பலா பட்டுப்போனால், அதே நிழல் மறுபடி கிடைப்பதற்குள் வாங்கியவரின் பிள்ளைகளுக்கே நரை கண்டுவிடும். எனவே காவிரி டெல்டாவின் பழைய ஓட்டு வீடு, பொள்ளாச்சிப் பக்கத்துத் தோப்பு வீடு, ஏற்காட்டு மலை வீடு ஆகிய மூன்றையும் தண்ணீர், மரம், பத்திரம் ஆகியவற்றை முன்வைத்தே இங்கே ஒப்பிடுகிறேன்.

கும்பகோணம், மயிலாடுதுறை, மன்னார்குடி வட்டாரங்களில் விலைக்கு வரும் பழைய வீடுகள் தெருப்பக்கம் குறுகியும் பின்பக்கம் நீண்டும் இருக்கும். திண்ணை, ரேழி, முற்றம், கூடம், அடுக்களை என்று கடந்து கிணற்றடிக்கு வந்தால், அதற்கு அப்பால்தான் கொல்லை தொடங்கும். பலா, மா, நாரத்தை, தென்னை, முருங்கை, கறிவேப்பிலை, பவழமல்லி, வில்வம் என்று ஒரு குடும்பத்தின் சமையலுக்கும் பூசைக்கும் வேண்டிய எல்லாம் ஒரே இடத்தில் வளர்ந்திருப்பது இந்த வீடுகளில்தான். சந்தைக்காக நட்ட தோட்டம் இல்லை என்பதால், ஒரு மரத்துக்கு நோய் வந்தாலும் மற்றவை பிழைத்துக்கொள்கின்றன. மேட்டூர் அணையை வழக்கப்படி ஜூன் 12ஆம் தேதி திறந்து, வாய்க்காலில் தண்ணீர் ஓடத் தொடங்கியதும், கொல்லைக் கிணற்றின் நீர்மட்டமும் உயர்ந்துவிடும். ஆனால் இந்த வீட்டைப் பார்க்க வேண்டிய காலம் அதுவன்று. சித்திரை வெயிலில் போய், கிணற்றில் எத்தனை முழத் தண்ணீர் நிற்கிறது என்று பார்ப்பதோடு, அதைக் கையில் அள்ளி வாயில் வைத்தும் பார்க்க வேண்டும். கடலோரத்தை நெருங்க நெருங்க உப்பு ஏறிய கிணறுகள் உண்டு.

மரங்களை எட்ட நின்று மதிப்பிடக் கூடாது. பலாவின் அடிமரத்தைக் கைக்கட்டையால் தட்டினால், உள்ளே பொந்து விழுந்த மரம் மத்தளம்போல் அதிரும். அப்படிப்பட்ட மரம் ஓட்டின் மேல் சாய்ந்திருந்தால் அது சொத்து அன்று, சுமை. கரையான் புற்று மரத்தடியோடு நிற்கிறதா, சுவரேறி உத்திரம் வரை போயிருக்கிறதா என்பதையும் தொடர்ந்து பார்த்துக்கொண்டு போக வேண்டும்.

டெல்டா வீட்டின் உண்மையான சிக்கல் பத்திரத்தில் இருக்கிறது. பல தெருக்களில் கட்டடம் மட்டுமே குடியிருப்பவருக்குச் சொந்தம். அடிமனை கோயிலுக்கோ மடத்துக்கோ உரியது. இத்தகைய இடத்தின் சர்வே எண்ணுக்குப் பத்திரப்பதிவு நடக்காது. பல தலைமுறைகளாக அடிமனை வாடகை கட்டிய ரசீதுகள் உரிமை ஆகிவிடாது. ஊர்க் குடியிருப்பு மனையான நத்தத்துக்குப் பட்டா இருந்தாலும், பாகம் பிரியாத வீடு என்றால் வாரிசுகள் அத்தனை பேரும் கையெழுத்திட வேண்டியிருக்கும். 1989ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுத் திருத்தமும், 2005ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத் திருத்தமும் பூர்விகச் சொத்தில் மகள்களுக்கும் சம பங்கு தந்திருக்கின்றன. ஆகவே வெளியூரில் வாழும் ஒரு சகோதரியை விட்டுவிட்டு எழுதிய விற்பனைப் பத்திரம் பின்னாளில் நீதிமன்றத்துக்குப் போகும். விலை மலிவாக இருக்கிறது என்று சொல்லப்படும் வீடுகளில் பெரும்பாலும் காரணம் இந்த இரண்டில் ஒன்றுதான்.

பொள்ளாச்சி, ஆனைமலைப் பகுதியில் நிலைமை வேறு. அங்கே விற்பனைக்கு வருவது பெரும்பாலும் இரண்டு மூன்று ஏக்கர் தென்னந்தோப்பும் நடுவே ஒரு வீடும். இருபத்தைந்து அடி இடைவெளியில் நட்ட தோப்பில் ஏக்கருக்கு எழுபது மரம் நிற்கும். தோப்பு நல்ல காய்ப்பில் இருந்தால், வீட்டுப் பராமரிப்புச் செலவைத் தோப்பே தாங்கும் என்பது இந்தத் தேர்வின் பெரிய பலம். பட்டா பெரும்பாலும் தனிப்பெயரில் இருப்பதால் பத்திரச் சிக்கலும் டெல்டாவைவிடக் குறைவு. எனினும் ஒரே வகை மரத்தை நம்பிய தோட்டம் இது என்பதை மறக்கக் கூடாது. சுருள் வெள்ளை ஈ 2016இல் இந்தியாவில் முதன்முதலாகத் தென்பட்டதே இந்த வட்டாரத்தில்தான். அது தாக்கிய மரத்தின் கீழ்மட்டைகளில் கரிப்பொடி தூவியதுபோல் கரும்பூசணம் படர்ந்திருக்கும். அதைவிடக் கொடியது கேரள வாடல் நோய். மட்டையின் இலைகள் விறைப்பிழந்து விலா எலும்புகளைப்போல் உட்புறமாக வளைந்திருந்தால், அந்த மரத்துக்கு முழுமையான மருந்து கிடையாது. காய்ப்பு ஆண்டுக்கு ஆண்டு சரியும். அடிமரத்தில் துளையும், அதிலிருந்து பழுப்பு நீர் கசிவும் தெரிந்தால் சிவப்புக் கூன்வண்டு உள்ளே இருக்கிறது. தோப்புக்குள் நடந்து, இந்த அறிகுறிகள் உள்ள மரங்களை எண்ணி, அவற்றைக் கழித்துவிட்டுத்தான் விலை பேச வேண்டும். புயலில் தென்னை எவ்வளவு விரைவாகப் போய்விடும் என்பதை 2018 நவம்பரில் கஜா பட்டுக்கோட்டை, பேராவூரணித் தோப்புகளில் காட்டிச் சென்றது. அந்த அச்சம் பொள்ளாச்சியில் குறைவு. ஆனால் பரம்பிக்குளம் – ஆழியாறு பாசனத் தண்ணீர் மண்டல வாரியாக முறைவைத்தே வருவதால், ஆழ்குழாய்க் கிணறு இல்லாத தோப்பை வாங்க நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். மோட்டாருக்கான இலவச விவசாய மின்சாரத்தை வீட்டு விளக்குக்கு இழுக்கக் கூடாது என்பதால், வீட்டுக்குத் தனி இணைப்பு இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஏற்காட்டு வீட்டைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனெனில் ஆண்டு முழுவதும் குடியிருக்கும் குடும்பத்துக்கு அதை நான் மூன்றாவதாகவே வைப்பேன். ஏறத்தாழ ஐயாயிரம் அடி உயரத்தில், சில்வர் ஓக் நிழலில் காப்பியும், அந்த மரங்களிலேயே ஏறிய மிளகும் உள்ள தோட்டத்துக்கு நிகரான அழகு மற்ற இரண்டுக்கும் கிடையாது. பங்குனி மழைக்குப் பின் காப்பி பூத்திருக்கும் வாரத்தில் வீடு பார்க்கப் போனவர்கள் வேறெதையும் யோசிப்பதில்லை. யோசிக்க வேண்டியவை பல இருக்கின்றன. மலைப்பகுதி என்று அறிவிக்கப்பட்ட கிராமங்களில் 1955ஆம் ஆண்டின் மரப் பாதுகாப்புச் சட்டப்படி, சொந்த நிலத்து மரத்தை வெட்டவும் அனுமதி வேண்டும். புதிதாக ஓர் அறை கட்டுவதற்கும் கூடுதல் ஒப்புதல்கள் உண்டு. மரங்களை நேசிப்பவன் என்ற முறையில் இந்தச் சட்டத்தை நான் வரவேற்கிறேன், ஆனால் வாங்குபவர் அதை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். கோடையில் லாரித் தண்ணீரை எதிர்பார்க்கும் வீடுகள் உண்டு; நள்ளிரவில் பெரியவர் ஒருவருக்கு நெஞ்சு வலித்தால், இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேலத்துக்கு இறங்க வேண்டும்.

பதிவுச் செலவு மூன்றுக்கும் ஒன்றே: முத்திரைத் தீர்வை 7 விழுக்காடும் பதிவுக் கட்டணம் 2 விழுக்காடும். கடன் விஷயத்தில்தான் வேறுபாடு பெரிது. நத்தத்தில் உள்ள வீட்டுக்கு வங்கிகள் வீட்டுக் கடன் தருவதைப்போல, விவசாய நிலத்தில் வரைபட ஒப்புதல் இல்லாமல் எழுந்த தோப்பு வீட்டுக்குத் தருவதில்லை.

வயதான பெற்றோரோடும் பள்ளிப் பிள்ளைகளோடும் குடியேறப் போகும் குடும்பத்துக்கு, உரிமை தெளிவாக இருக்குமானால், டெல்டாக் கொல்லை வீட்டையே நான் சொல்வேன். கூப்பிடு தூரத்தில் மனிதர்களும், பக்கத்து ஊரில் மருத்துவரும் இருக்க, தோட்ட வேலையும் வீட்டில் இருப்பவர்களின் கைக்கு அடங்கும். நாள்தோறும் தோப்பில் நின்று ஆள் வைத்து வேலை வாங்கக்கூடிய ஒருவர் வீட்டில் இருந்தால் மட்டும் பொள்ளாச்சி முந்தும்.

வெளிநாட்டில் வாழும் இந்தியக் குடிமக்களுக்கும், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கும் இந்தத் தேர்வு இன்னும் குறுகியது. அந்நியச் செலாவணி விதிகளின்படி அவர்கள் விவசாய நிலத்தையோ, தோட்டப் பயிர் நிலத்தையோ, பண்ணை வீட்டையோ விலைக்கு வாங்க முடியாது. ஆகவே தென்னந்தோப்பும் காப்பித் தோட்டமும் அவர்களுக்கு இல்லை. நத்தத்து வீட்டை வாங்கலாம். ஆனால் அங்கும் வீடு நத்தம் என்றும், பின்னால் உள்ள கொல்லை தனி சர்வே எண்ணில் புஞ்சை என்றும் பதிவாகியிருக்கும் இடங்கள் உண்டு. அதனால் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே, ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் கிராம நிலக் கணக்கான அ-பதிவேட்டில் உள்ள வகைப்பாட்டைத் தனித்தனியாக எடுத்துப் பார்ப்பது அவசியம்.