குடும்பத் தலைவர் யார் என்று கேட்கும் செயலி: ஒரு மதிப்புரை

குடும்ப வரவுசெலவையும் வீட்டு வேலைப் பங்கீட்டையும் ஒரே இடத்தில் வைத்துக்கொள்வதற்கான கைபேசிச் செயலி ஒன்றை நானும் என் மனைவியும் சில மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறோம். செயலியின் பெயரைச் சொல்லாமலே எழுதுகிறேன். ஒரு நிறுவனத்தைக் குறைகூறுவது என் நோக்கமன்று. இப்படியொரு செயலிக்குக் கட்டணம் செலுத்துவதற்கு முன்னால் எதையெல்லாம் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதே இங்கு நான் சொல்ல வந்தது. எங்கள் வீட்டில் முழுநேர வேலை பார்ப்பவர் மனைவி. வருமானத்தின் பெரும்பகுதி அவருடைய சம்பளம். நான் பகுதிநேரமாக வேலை பார்த்துக்கொண்டு இரண்டு குழந்தைகளையும் வீட்டையும் கவனித்துக்கொள்கிறேன்.

கணக்குப் பகுதியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நன்றாகவே இருக்கிறது. செலவுகளை அது தானாகவே வகைபிரித்து வைக்கிறது, தவணைத் தேதிகளை முன்கூட்டியே நினைவூட்டுகிறது, மாத முடிவில் படித்ததும் புரியக்கூடிய அறிக்கை ஒன்றைத் தருகிறது. இந்த ஒன்றுக்காக மட்டும் வாங்குபவருக்கு ஏமாற்றம் இருக்காது.

சிக்கல் பதிவு செய்யும்போதே தொடங்கிவிடுகிறது. முதல் திரையில் ‘குடும்பத் தலைவர்’ என்று ஒரு கட்டம். அதற்கு நேர் கீழே ‘முதன்மை வருமானம்’ என்று இன்னொரு கட்டம். முதல் கட்டத்தில் யார் பெயரை இடுகிறோமோ அவருடைய வருமானமே இரண்டாவது கட்டத்தில் போய் அமர்கிறது. மற்றவர்கள் அனைவரும் ‘சார்ந்திருப்போர்’ என்ற பட்டியலுக்குள் தள்ளப்படுகிறார்கள். மனைவியின் பெயரைத் தலைவராகப் போட்டோம்; செயலி மறுப்பில்லாமல் ஏற்றுக்கொண்டது. ஆனால் சார்ந்திருப்பவனாகிய எனக்குச் செலவு வரம்புகளை மாற்றும் அனுமதி கிடையாது. வீட்டுக்கு வேண்டியதை வாங்குவது அநேகமாக நான்தான். குழந்தைகளின் துணிகளுக்கான வரம்பு முடிந்திருந்த ஒரு நாள் நான் பணம் செலுத்தும் இடத்தில் வரிசையை நிறுத்திவைத்துக்கொண்டு காத்திருக்க, அனுமதி கேட்கும் அறிவிப்பு அலுவலகக் கூட்டத்தில் இருந்த மனைவியின் கைபேசிக்குப் போய் நின்றது. யார் சம்பாதிக்கிறாரோ அவரே தீர்மானிப்பார் என்ற பழைய ஏற்பாடு, ஆளை மட்டும் மாற்றிக்கொண்டு அப்படியே தொடர்கிறது.

அந்த ஏற்பாட்டின் வயது இந்தச் செயலியை வடிவமைத்தவர்களுக்குத் தெரிந்திருக்குமா என்று எனக்கு ஐயம். ஆஸ்திரேலியாவில் 1907இல் நீதிபதி ஹிக்கின்ஸ் வழங்கிய ஹார்வெஸ்டர் தீர்ப்பு, பயிற்சி தேவைப்படாத தொழிலாளிக்கு நாளொன்றுக்கு 7 ஷில்லிங் கூலி என்று நிர்ணயித்தது. ஓர் ஆண் தன் மனைவியையும் மூன்று குழந்தைகளையும் சிக்கனமாக, ஆனால் கௌரவமாக வைத்துக்கொள்ள எவ்வளவு தேவைப்படும் என்பதே அந்தக் கணக்கின் அடிப்படை. அதனால் தொழிலாளிக்கு உண்மையில் நன்மை விளைந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் சம்பாதிப்பவர் ஒருவர், சார்ந்திருப்பவர் பலர் என்ற குடும்பச் சித்திரமும் கூலிக் கணக்கோடு சேர்ந்து சட்டத்துக்குள் நுழைந்தது. அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, மனைவியோடு வாழும் கணவரையே குடும்பத் தலைவராகக் கொள்ளும் வழக்கத்தை 1980இல் கைவிட்டது. அரசாங்கப் படிவமே விட்டுவிட்ட ஒரு கட்டத்தை இன்றைக்கு எழுதப்படும் மென்பொருள் எதற்காகத் திரும்பக் கொண்டுவருகிறது என்பது எனக்கு விளங்கவில்லை.

வேலைப் பங்கீட்டுப் பகுதிதான் இச்செயலியின் பெருமையாக விளம்பரப்படுத்தப்படுகிறது. ஒவ்வொரு வேலையையும் பட்டியலில் சேர்த்து, ஒருவர் பெயரில் ஒதுக்கி, முடித்ததும் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். செலவான நிமிடங்கள் பதிவாகும். துணி துவைப்பது, பாத்திரம் கழுவுவது போன்றவற்றுக்கு இது போதும். ஆனால் அலிசன் டேமிங்கர் என்ற சமூகவியலாளர் 2019இல் வெளியிட்ட ஆய்வு, வீட்டை நடத்துவதற்குத் தேவையான சிந்தனை உழைப்பை நான்காகப் பிரித்துக் காட்டியது: தேவையை முன்கூட்டி உணர்வது, வழிகளைத் தேடுவது, முடிவெடுப்பது, முடிவு நிறைவேறுகிறதா என்று கண்காணிப்பது. அவர் பேசிய தம்பதியரிடையே முடிவெடுப்பது பெரும்பாலும் இருவருக்கும் பொதுவாக இருந்தது. முன்கூட்டி உணர்வதும் கண்காணிப்பதும் பெண்களின் தலையிலேயே அதிகம் விழுந்தன.

இந்த நான்கில் செயலி அறிந்தது முடிவுக்குப் பின் நடப்பதை மட்டும்தான். மகளின் காலணி இறுகத் தொடங்கிவிட்டது என்பதை அவள் நடையிலிருந்து யாரோ ஒருவர் கவனித்த பிறகுதான் ‘காலணி வாங்கு’ என்ற வரி பட்டியலில் ஏறுகிறது. கவனித்தவருக்கு அங்கே இடமில்லை. வாங்கி வந்தவர் பெயரில் நாற்பது நிமிடம் ஏறுகிறது. நிமிடக் கணக்கிலும் ஒரு கோளாறு உண்டு: ஒரே நேரத்தில் இரண்டு வேலைகளைப் பதிய முடியாது. மகனை வீட்டுப்பாடம் எழுத வைத்துக்கொண்டே சமைத்தால் இரண்டில் ஒன்றைத் துறக்க வேண்டும். நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்புகளில் முதன்மைச் செயல், உடன் நிகழும் செயல் என்று தனித்தனியே பதியும் முறை வெகு நாட்களாகவே இருக்கிறது. அதைக் கடன் வாங்குவது பெரிய காரியமல்ல.

எங்களை உண்மையில் சலிப்படையச் செய்தது வேறொன்று. உறவுமுறையில் ‘தாய்’ என்று குறித்த உடனேயே பள்ளி, தடுப்பூசி, பல் மருத்துவர் தொடர்பான நினைவூட்டல்கள் அனைத்தும் அவருடைய கைபேசிக்கே போகின்றன. ஒவ்வொன்றாகத் திறந்து என் பெயருக்கு மாற்றினேன். புதிதாக ஒரு நினைவூட்டலைச் சேர்த்தால் மறுபடியும் அவருக்கே போகிறது. சம்பாதிக்கும் பெண்ணுக்கு இச்செயலி தாராளமாக இடம் விட்டிருக்கிறது, பாராட்ட வேண்டியதுதான். வீட்டைக் கவனிக்கும் ஆணுக்கு மட்டும் இடமில்லை. விளைவு, தலைவரும் அவரே, தாயும் அவரே; இரண்டு சுமையும் ஒரே கைபேசியில் மணியடிக்கின்றன. 64 நாடுகளின் தரவுகளைக் கொண்டு சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2018இல் கணக்கிட்டபோது, ஊதியமற்ற பராமரிப்பு வேலைக்கான மொத்த நேரத்தில் 76.2 விழுக்காடு பெண்களுடையது. சராசரியாக நாளொன்றுக்குப் பெண்கள் 4 மணி 25 நிமிடமும் ஆண்கள் 1 மணி 23 நிமிடமும் செலவிட்டார்கள். இந்த நிலையை மாற்ற உதவுவதாகச் சொல்லிக்கொள்ளும் கருவி, அதே நிலையைத் தொடக்க அமைப்பாக வைத்திருக்கிறது.

‘பங்களிப்பு வட்டம்’ என்ற படத்தையும் சொல்லியாக வேண்டும். முகப்பிலேயே பளிச்சென்று தெரியும் இந்த வட்டத்தில் பணம் மட்டுமே சேர்க்கப்படுகிறது. பதிந்த நிமிடங்கள் உள்ளே எங்கோ தனிப் பக்கத்தில் கிடக்கின்றன. என் துண்டு மெல்லியதாக இருப்பதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் என் பெற்றோர் வந்து தங்கியிருந்த வாரத்தில் மனைவி என்னிடம், “என் சம்பளத்தைக் கொஞ்சம் குறைச்சுப் போட்டுடலாமா?” என்று கேட்டார். அவர் கேட்டதில் வியப்பில்லை. அமெரிக்கக் கணக்கெடுப்புத் துறையின் ஆய்வாளர்கள் 2018இல் தம்பதியர் சொன்ன வருமானத்தை வரி ஆவணங்களோடு ஒப்பிட்டபோது, மனைவி அதிகம் சம்பாதிக்கும் வீடுகளில் அவருடைய வருமானம் உள்ளதைவிடக் குறைவாகவும் கணவருடையது கூடுதலாகவும் சொல்லப்பட்டிருந்தது. வட்டத்தை மறைக்கும் வசதியைத் தேடினேன். வருமானத்தையே நீக்கினாலொழிய அது மறையாது. நாங்கள் எதையும் குறைக்கவில்லை, கைபேசியை மேசைமேல் போட்டுவைப்பதை மட்டும் அந்த வாரம் தவிர்த்தோம்.

வாடிக்கையாளர் சேவைக்கு இவை அனைத்தையும் விரிவாக எழுதியதற்கு, ‘உங்கள் கருத்தை உரிய குழுவுக்கு அனுப்பியுள்ளோம்’ என்ற பதிலே வந்தது.

வாங்க நினைப்பவர்கள் முதலில் இலவசப் பதிப்பில் மூன்று சோதனைகளைச் செய்து பார்க்கலாம்: இருவருக்கும் சம அதிகாரம் தர முடிகிறதா, குழந்தைகளுக்கான புதிய நினைவூட்டல் யாருக்குப் போகிறது, முகப்பில் பணத்தைத் தவிர வேறு எதுவும் தெரிகிறதா. ஒருவர் மட்டும் சம்பாதித்து அவரே கணக்கும் பார்க்கும் வீடுகளுக்கு இது தாராளமாகப் போதும். நாங்கள் கணக்குப் பகுதியை மட்டும் வைத்துக்கொண்டோம். அதற்கு இலவசப் பதிப்பே போதுமென்பதால் கட்டணச் சந்தாவைப் புதுப்பிக்கவில்லை.