டாமியா 1/32 ஸ்பிட்ஃபயர் மார்க் 8: தறிப் பஞ்சும் ஆடிக் காற்றும் உள்ள ஊரில் ஒரு நீண்ட அனுபவம்

இரண்டாம் உலகப் போரின் பிரிட்டிஷ் போர் விமானமான ஸ்பிட்ஃபயரை நிஜத்தில் 32-ல் ஒரு பங்கு அளவில் (1/32) ஒட்டிச் செய்கிற டாமியா கம்பெனியின் பிளாஸ்டிக் மாடல் கிட்டை வாங்கலாமா என்று யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: பெயின்ட் அடிக்க உங்களிடம் இடம் இருக்கிறதா, காத்திருக்கப் பொறுமை இருக்கிறதா? ஒட்டுகிற வேலை பெரிய விஷயமே இல்லை, அந்தக் கிட்டில் பாகங்கள் சொன்ன இடத்தில் சொன்னபடி உட்காரும். ஆனால் இவ்வளவு பெரிய மாடலை அலமாரியில் வைத்தபிறகு பார்க்கிறவர் கண்ணில் படுவது பெயின்ட்தான். 1/72 அளவுச் சின்ன மாடலில் மறைந்துபோகிற சொரசொரப்பு, தூசி, திட்டு எல்லாம் 1/32-ல் வாசலில் நின்றாலே தெரியும். எஞ்சினுக்கு மாதக்கணக்கில் உழைத்துவிட்டு இறக்கையை அவசரமாக அடித்து முடித்த மாடல்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே மனசு கஷ்டப்படும்.

நான் இருப்பது கோயம்புத்தூரை அடுத்த சோமனூர்ப் பக்கம். இந்த மாடலைக் கொரோனா சமயத்தில் ஆரம்பித்து, ஓய்வு கிடைத்தபோதெல்லாம் செய்து முடித்தேன். முடிந்து சில வருடங்கள் ஆகிவிட்டன, அதனால் புதுசாக இருக்கும்போது எப்படி இருந்தது என்பதோடு, இத்தனை வெயிலையும் தூசியையும் தாண்டி இப்போது எப்படி இருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்ல முடியும்.

ஸ்பிட்ஃபயரின் பல வகைகளில் மார்க் 8-ஐ எடுத்ததற்குக் காரணம் உண்டு. சூலூர் விமானப்படைத் தளம் எங்களுக்குக் கூப்பிடு தூரம், தேஜஸ் தலைக்கு மேலே போகாத நாள் குறைவு. அந்தத் தளத்தில் இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் கடற்படையின் விமானங்கள் நின்றிருக்கின்றன, கோயம்புத்தூரில் அந்தக் கடற்படைக்கு விமானம் பழுதுபார்க்கும் பட்டறையே இருந்தது. இங்கிருந்து பர்மா போர்முனைக்குப் போன போர் அது என்கிற நினைப்பு எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. நம் விமானப்படையின் 8ஆம் ஸ்குவாட்ரன் வெஞ்சன்ஸ் டைவ் பாம்பர்களை (பாய்ந்து இறங்கிக் குண்டு போடுகிற விமானங்களை) விட்டுவிட்டு ஸ்பிட்ஃபயர் மார்க் 8-க்கு மாறி பர்மாவின் அரக்கானில் பறந்தது. அதற்கு முன்னால் 1944-ல் இம்பாலில் அர்ஜன் சிங் தலைமையில் 1ஆம் ஸ்குவாட்ரன் ஓட்டியது ஹரிகேன் போர் விமானம். மார்க் 8-ஐப் பெரும்பாலும் வெளிநாட்டுக் களங்களுக்காகவே செய்தார்கள், அதனால் மூக்குக்கு அடியில் தூசி வடிகட்டியோடுதான் வந்தது. வால் சக்கரமும் உள்ளே மடங்கும். தூசிக்கென்றே தயாரான ஸ்பிட்ஃபயர், நம் ஊர் மேசைக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

அளவைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பெட்டியைப் பார்த்து யாருக்கும் பிடிபடாது. சாதாரண இறக்கை நுனியோடு அகலம் சுமார் 35 செ.மீ., நீட்டு நுனி போட்டால் 38. நீளம் 30 செ.மீ. உள்ளே 12 சிலிண்டர் மெர்லின் எஞ்சின் முழுசாக இருக்கிறது, அதை மூடுகிற கௌலிங் தகடுகளைச் சின்னக் காந்தங்கள் பிடித்துக்கொள்ளும், வேண்டும்போது கழற்றிக் காட்டலாம். சக்கரத்தை இறக்கியும் வைக்கலாம், மடக்கி ஸ்டாண்டில் பறக்கிற மாதிரியும் வைக்கலாம். இந்தக் காந்தத் தகடுகளில் ஒரு விஷயம் கவனியுங்கள்: ஓரங்களில் ப்ரைமர் (அடிப்பூச்சு), கலர், கிளாஸ் கோட் (பளபளப்புப் பூச்சு), மேட் கோட் (பளபளப்பை அடக்குகிற பூச்சு) என்று ஒவ்வொரு பூச்சாக ஏறினால் அந்தக் கனமே தகட்டை மூட விடாமல் தூக்கிவிடும். ஓரத்து விளிம்புகளில் மாஸ்கிங் டேப்பை மெல்லிசாக வெட்டி ஒட்டிவிட்டு அடித்தேன், இன்றைக்கும் கழற்றி மாட்டினால் கோடு தெரியாமல் மூடுகிறது.

காக்பிட் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பச்சை அடித்து, ஓரம் தேய்ந்த இடத்தில் அலுமினியம் கொஞ்சம் தொட்டு, சீட் பெல்ட்டைத் தொங்கவிட்டால் போதும், கதவைத் திறந்து வைத்தாலும் பாதிதான் தெரியும்.

பெயின்டுக்கு முந்தின வேலைதான் முக்கியம். அதற்கு நான் ஹாபி கடைக்குப் போகவில்லை, கார் பெயின்ட் கடைக்குப் போனேன். வாட்டர் பேப்பர் 1000, 1500, 2000 எல்லாம் அங்கே சல்லிசாகக் கிடைக்கும், தரமும் நன்றாக இருக்கும். உடம்பின் இரண்டு பாதிகள் சேர்கிற முதுகுக் கோட்டில் பட்டி வைத்து, காய்ந்ததும் தண்ணீர் தொட்டுத் தேய்த்து, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பார்க்க வேண்டும். நேராக வெளிச்சம் அடித்தால் எல்லாம் சமமாகத்தான் தெரியும், சாய்த்தால்தான் மேடு பள்ளம் நிழலாக விழும். இந்தக் கிட்டில் ரிவெட் புள்ளிகள் ஊசி குத்தின மாதிரி அவ்வளவு நுணுக்கமாக இருக்கின்றன. ப்ரைமரைக் கெட்டியாக அடித்தால் அத்தனையும் மூடிப்போகும், ஆகவே நிறையத் தின்னர் சேர்த்து, லேசாக, பல தடவை.

இனி நம் ஊர்ப் பிரச்சினைக்கு வருகிறேன். வைகாசி கடைசியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆரம்பித்தால் ஆடி, ஆவணி வரைக்கும் விடாது. பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகளைச் சுற்றுகிற அதே காற்றுதான் ஜன்னல் இடுக்கில் நுழைந்து, பெயின்டைக் காற்றில் தூவுகிற உங்கள் ஏர்பிரஷ் முன்னாலும் வீசும். அத்தோடு விசைத்தறிப் பஞ்சு. கண்ணுக்குத் தெரியாத மாதிரி மிதந்துகொண்டே இருக்கும், ஈரப் பெயின்ட் மேல் உட்கார்ந்தபிறகுதான் தெரியும், இறக்கை நடுவில் மயிரிழை மாதிரி சுருண்டு கிடக்கும். ஈரத்தில் அதை எடுக்கப் போகாதீர்கள், காயவிட்டு 2000 பேப்பரால் தேய்த்து அந்த இடத்தை மட்டும் மறுபடி தூவுங்கள்.

கோடைக்காலம் இன்னொரு விதம். வெயில் ஏறினபிறகு அடித்தால் பெயின்ட் துளி இறக்கையைத் தொடுவதற்குள்ளேயே பாதி காய்ந்துவிடும், தொட்டால் உப்புத்தாள் மாதிரி இருக்கும். எங்கள் பக்கத்தில் கார் பெயின்ட் பட்டறை வைத்திருக்கிற அண்ணன் ஒருவரிடம் இதைக் காட்டிக் கேட்டேன். அவர் இறக்கையை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "ஏனுங் தம்பி, உச்சி வெயில்ல அடிச்சீங்களா? தின்னரு வர்ற வழியிலயே பறந்துருமுங்க. மெதுவாக் காயற தின்னரு ஊத்தி, கிட்டப் புடிச்சு, காலைல வெள்ளென அடிச்சுப் பாருங்க"ன்னார். காருக்கு அவர் செய்வதையேதான் சொன்னார், அது அப்படியே பொருந்தியது. டாமியா எக்ஸ்.எஃப் அக்ரிலிக்கை அதன் சொந்தத் தின்னருக்குப் பதிலாக மிஸ்டர் லெவலிங் தின்னர் என்கிற வேறொரு தின்னரில் கரைத்தால் காய்வது தாமதமாகும், பெயின்ட் தானாகப் பரவிச் சமமாகும். ஒரு பங்கு பெயின்டுக்கு இரண்டு பங்கு தின்னர், 0.3 மி.மீ. நாசில், 15 பி.எஸ்.ஐ. பக்கம் அழுத்தம், கையகலத்துக்கும் குறைவான தூரம். அதற்கப்புறம் நான் கலவையை மாற்றவே இல்லை.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இதற்கு நேர் எதிர். தின்னர் ஆவியாகும்போது பெயின்ட் குளிர்ந்து, காற்றில் இருக்கிற ஈரம் அதன்மேல் படிந்து, லாக்கரும் கிளாஸ் கோட்டும் பால் மாதிரி வெளுத்துவிடும். மழை பெய்கிற நாளில் கிளாஸ் கோட் அடிக்கவே கூடாது என்பது என் முடிவு. ஏர்பிரஷ்ஷுக்குக் காற்று தருகிற கம்ப்ரெசருக்கு ஈரம் பிடிக்கிற வடிகட்டி கட்டாயம் வேண்டும், டேங்கில் தேங்குகிற தண்ணீரை அவ்வப்போது திறந்துவிடவும் வேண்டும். எல்ஜி மாதிரி கம்ப்ரெசர் செய்கிற கம்பெனிகள் உள்ள கோயம்புத்தூரில் இதற்கெல்லாம் அலைய வேண்டியதில்லை, எந்தச் சின்னப் பட்டறையிலும் ரெகுலேட்டரும் வடிகட்டியும் மாட்டித் தந்துவிடுவார்கள். டேங்க் இல்லாத குட்டிக் கம்ப்ரெசரை இந்த அளவு மாடலுக்கு வாங்க வேண்டாம். ஒரு இறக்கையை நிறுத்தாமல் அடித்து முடிக்கிற வரைக்கும் அழுத்தம் ஒரே மாதிரி வர வேண்டும்.

எனக்குக் கிடைத்த மிக நல்ல பெயின்டிங் நேரம் எது தெரியுமா, மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்துகிற நாள். சுற்றியுள்ள தறிகள் அத்தனையும் நின்றுவிடும், மின்விசிறி ஓடாது, பஞ்சு பறக்காது. கரண்ட் போவதற்கு முன்னாலேயே தரையில் தண்ணீர் தெளித்துத் துடைத்து, டேங்கை நிரப்பி, பெயின்டைக் கரைத்து வைத்துவிடுவேன். தறிச் சத்தம் நின்று கொஞ்ச நேரம் கழித்து ஆரம்பித்தால் காற்று தெளிந்திருக்கும், டேங்க் காலியானால் இன்வெர்ட்டர் இருக்கிறது. இரண்டு இறக்கையின் மேல்பக்கமும் இப்படி ஒரு நாளில்தான் அடித்தது, ஒரு பஞ்சுகூட உட்காரவில்லை. மாடல் செய்கிறவர்கள் எல்லாரும் மார்கழி, தையைச் சொல்வார்கள், அதுவும் சரிதான், ஆனால் தறி ஊர்க்காரர்கள் மின்தடை அறிவிப்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கலர் பற்றி. மேலே டார்க் கிரீன், டார்க் எர்த், அடியில் மீடியம் ஸீ கிரே எடுத்தேன். டாமியா எக்ஸ்.எஃப்-81 பச்சைக்கும் எக்ஸ்.எஃப்-83 சாம்பலுக்கும் நேராகவே பொருந்தும், மண் நிறத்துக்கு எக்ஸ்.எஃப்-52. இவ்வளவு பெரிய இறக்கையில் ஒரே பச்சையை ஒரே அழுத்தத்தில் அடித்தால் பிளாஸ்டிக் வாளி மாதிரி இருக்கும். கறுப்பு ப்ரைமர் மேல் பச்சையைப் புள்ளியும் கோடுமாகக் கிறுக்கி, கடைசியில் நன்றாகக் கரைத்த பச்சையால் எல்லாவற்றையும் சேர்த்து மூடினால் வெயிலில் கிடந்த பெயின்டின் ஏற்ற இறக்கம் கிடைக்கும். பச்சையும் மண்ணும் சேர்கிற ஓரம் எவ்வளவு மங்கலாக இருக்கலாம் என்பதற்குக் கணக்கு இருக்கிறது: நிஜ விமானத்தில் ஓர் அங்குலம் மங்கினால் 1/32-ல் அது 0.8 மி.மீ. கூட இல்லை. அதனால் ப்ளூ டாக் என்கிற ஒட்டுகிற பசை உருண்டையை மெல்லிசாக உருட்டி ஓரத்தில் ஒட்டி, செங்குத்தாகப் பிடித்து அடித்தேன். புகை மாதிரி அகலமாக மங்கின ஓரம் இந்த விமானத்துக்குத் தப்பாகத் தெரியும்.

எந்தப் படை விமானம் என்று காட்டுகிற வட்டக் குறிகளுக்கு டெக்கால் (தண்ணீரில் நனைத்து ஒட்டுகிற அச்சுப் படம்) வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து, மாஸ்க் வெட்டிப் பெயின்டே அடித்துவிடுங்கள். பர்மா முனையில் பறந்த நேச நாட்டு விமானங்களில் வட்டத்தின் நடுவிலிருந்த சிவப்பை எடுத்துவிட்டார்கள். ஜப்பான் விமானத்தின் சிவப்பு வட்டத்தோடு குழம்பி நம் ஆட்களே சுட்டுவிடக் கூடாது என்பதற்காக. அதனால் கரு நீலமும் வெளிர் நீலமும் மட்டும். 16 அங்குல வட்டம் என்றால் 1/32-ல் 12.7 மி.மீ., காம்பஸ் கட்டர் இருந்தால் மாஸ்கிங் டேப்பில் சுலபமாக வெட்டலாம். முதலில் வெளிர் நீலம், நடுவை மூடி, அப்புறம் கரு நீலம். டெக்காலின் பளபள விளிம்பு இல்லாமல் ரிவெட் புள்ளிகளோடு ஒன்றிப்போய் நிற்கிறது.

1945 தொடக்கத்தில் இறக்கையிலும் வாலிலும் வெள்ளைப் பட்டை அடித்தார்கள், அதுவும் அடையாளத்துக்குத்தான். பலபேர் வெள்ளையை முதலில் அடித்து மூடிவைத்துவிட்டுப் பச்சை அடிப்பார்கள், வெள்ளை நன்றாக ஏறும் என்று. நான் பச்சையும் மண்ணுமான கேமஃப்ளாஜ் முடிந்தபிறகு மேலேதான் அடித்தேன், நிஜத்தில் களத்தில் நடந்ததும் அதுதான். நன்றாகக் கரைத்த வெள்ளையை மெல்லிசு மெல்லிசாக ஏற்றி, அடியில் இருக்கிற பச்சை இம்மியளவு தெரியும்போதே நிறுத்தினால், அவசரத்தில் பிரஷ்ஷால் இழுத்த பட்டை மாதிரியே இருக்கிறது. மாடலிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் அந்தப் பட்டைகள்தான், எத்தனை தடவை பார்த்தாலும் சலிக்கவில்லை.

அழுக்கு விஷயத்தில் அடக்கம் வேண்டும். புகைக் குழாய்க்குப் பின்னால் சாம்பல் கலந்த பழுப்பு, இறக்கையும் உடம்பும் சேர்கிற இடத்தில் பைலட்டின் பூட்ஸ் தேய்த்த அலுமினியம், சக்கரத்தைச் சுற்றி மண் தூசி. அவ்வளவு போதும்.

இத்தனை வருடத்தில் என்ன ஆனது? பெயின்ட் எங்கேயும் வெடிக்கவில்லை, வெள்ளைப் பட்டை மஞ்சளாகவில்லை, மேற்கு ஜன்னல் வெயில் படாத சுவரில் வைத்ததும் அதற்கு ஒரு காரணம். காந்தங்கள் பிடிப்பு விடவில்லை. பெரிய மாடல்களில் ரப்பர், வினைல் டயர் போட்டால் காலப்போக்கில் பிளாஸ்டிக் ரிம்மை அரிக்கும் என்பதால் முதலிலேயே ரெசின் டயர் வாங்கிப் போட்டேன், நன்றாக நிற்கிறது. ஓட்டு வீட்டு வெயிலில் சூப்பர் க்ளூ ஒட்டின இடங்கள் நொறுங்கும், அதனால் கனம் தாங்குகிற இடங்களுக்கு எபாக்ஸிதான். பல்லி எச்சம் மேட் கோட்டை அரித்துக் கறையாக்கிவிடும், ஆகையால் திறந்த அலமாரி வேண்டவே வேண்டாம். கண்ணாடிப் பெட்டிக்குள்ளும் எப்படியோ பஞ்சு நுழைகிறது, முகத்துக்குப் பவுடர் போடுகிற மெதுவான பிரஷ்ஷால் முன்னிருந்து பின்னாக ஒரே திசையில் தடவி எடுக்கிறேன். ஏர்பிரஷ் காற்றை ஊதிச் சுத்தம் செய்தால் எஞ்சினுக்குள் இருக்கிற மெல்லிசான ஒயர்கள் பிய்ந்துவிடும்.

பெட்டியை அலுமினியம் ஜன்னல் வேலை செய்கிறவர்களிடமே செய்துகொள்ளலாம், கதவு ஓரத்துக்கு ரப்பர் பீடிங் கேட்டு வாங்குங்கள். 38 செ.மீ. மாடல்தானே என்று 42 அகலத்துக்குச் செய்யாதீர்கள், 50 சொல்லுங்கள், ஆழமும் 40-க்குக் குறைய வேண்டாம். இடது இறக்கைக்கு அடியில் இருக்கிற பிட்டோ குழாய்தான் (விமானத்தின் வேகம் அளக்க உதவுகிற குழாய்) கையை விட்டு எடுக்கும்போது முதலில் முட்டும். நான் அதைப் பிளாஸ்டிக்கில் வைக்காமல் ஊசிக் குழாயை வெட்டி வைத்தேன், இன்னும் வளையவில்லை.