சர்வரைப் பழுது பார்க்கக் கொடுத்து 38,500 ராண்டை இழந்தேன்: டர்பன் வணிகர்கள் கவனிக்கவும்

டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் நாங்கள் நடத்தும் மளிகை மொத்த விற்பனைக் கடையின் சர்வரைப் பழுது பார்க்கக் கொடுத்து 38,500 ராண்டைப் பறிகொடுத்தேன். நடந்தது ஏமாற்று என்று உறுதியாகி மூன்று நாள்தான் ஆகிறது. இந்த ஊரில் தொழில் செய்யும் மற்றவர்களாவது தப்பட்டும் என்று, கோபம் ஆறும்வரை காத்திராமல் எழுதுகிறேன்.

பில், சரக்கிருப்பு, கடன் கணக்கு எல்லாம் அந்த ஒரே சர்வரில்தான். போன மாதம் அது கூட்டம் மிகுந்த நேரங்களில் நீலத்திரை காட்டி நின்று, தானே மறுபடி தொடங்கத் தொடங்கியது. திரையில் ‘வீயா அன்கரெக்டபிள் எரர்’ என்று இருந்தது. அது வன்பொருள் கொடுக்கும் புகார் என்பதும், செயலி, ரேம், மதர்போர்டு, மின்வழங்கி ஆகியவற்றைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும் என்பதும் எனக்கு அப்போது தெரியாது.

நகர நடுவில் உள்ள ஒரு கணினி சேவைக் கடையிலிருந்து ஓர் இளைஞர் வந்தார். வாசலிலேயே செருப்பைக் கழற்றினார். கல்லாவுக்கு மேலிருந்த முருகன் படத்தைக் கும்பிட்டார். தம் முன்னோரும் மதராசிலிருந்து நேட்டால் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறி வந்தவர்கள் என்றார். என் அம்மா அவரை உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார். “அண்ணா, விண்டோஸ் கெட்டுவிட்டது, ரேமும் போய்விட்டது, இரண்டையும் புதிதாக்கினால் ஐந்து வருடத்துக்குக் கவலை இல்லை” என்று அவர் சொன்னபோது, எழுத்தில் ஒரு மதிப்பீடுகூடக் கேட்காமல் 38,500 ராண்டை அன்றே வங்கி வழியாக அனுப்பினேன். நம் வீட்டுப் பிள்ளை என்று நினைத்தேன். பணத்தைவிட அந்த நினைப்புதான் இன்னும் சுடுகிறது.

ஒன்பதாம் நாள் அதே நீலத்திரை வந்தது. தொலைபேசியில் கேட்டபோது லோட் ஷெடிங்கால், அதாவது முறைவைத்துச் செய்யும் மின்வெட்டால், வந்திருக்கும் என்றார்கள். எங்களிடம் யுபிஎஸ் இருக்கிறது என்றதும், ஆள் வெளியூரில் இருக்கிறார் என்றார்கள். நேரில் போனேன். அரை மணி நேரம் நிற்க வைத்த மேலாளர், உங்கள் ஆண்டு விற்பனை 20 லட்சம் ராண்டைத் தாண்டுவதால் 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்குப் பொருந்தாது என்று நிதானமாகச் சொன்னார். விசாரித்ததில் அது உண்மைதான். சட்டத்தை அவ்வளவு துல்லியமாகத் தெரிந்து வைத்திருப்பவருக்கு என் 38,500 ராண்டுக்குக் கணக்குச் சொல்லத் தெரியவில்லை.

டர்பனின் பீனிக்ஸ் பகுதியிலிருந்து வந்த உறவினர்தான் உண்மையைக் கண்டுபிடித்தார். விண்டோஸ் தன்னில் நடப்பதைக் குறித்து வைக்கும் ஈவன்ட் வியூவரில், சர்வர் திடீரென்று நின்றதைச் சொல்லும் 41-ஆம் எண் பதிவைத் திறந்து காட்டினார். மின்சாரம் போய் நின்றிருந்தால் அதில் பக்செக் எண், அதாவது நீலத்திரைப் பிழையின் எண், சுழியமாக இருக்கும். எங்களுடையதில் 292 என்று இருந்தது. அது அந்த நீலத்திரைப் பிழைக்கான எண். நீலத்திரை வரும்போது விண்டோஸ் எழுதி வைக்கும் டம்ப் கோப்புகளில் பழையவை விண்டோஸை மறுபடி நிறுவியபோதே அழிந்துவிட்டன. ஆனால் சர்வர் தன் வன்பொருள் பிழைகளை மதர்போர்டிலேயே தனியாகக் குறித்து வைக்கிறது. விண்டோஸை அழித்தாலும் அது அழிவதில்லை. அதில் ரேம் செருகும் ஒரே இடத்தின் பெயர், முதல் நீலத்திரைக்கும் முந்தைய தேதியிலிருந்து, திரும்பத் திரும்ப வந்திருந்தது. அந்த ரேமை வேறு இடத்துக்கு மாற்றிச் செருகினார். பிழையும் கூடவே இடம் மாறியது. அப்படியானால் பழுது இடத்தில் இல்லை, ரேமில்தான். வெளியே எடுத்து ஒட்டுத்தாளைப் பார்த்தோம். சர்வர் வாங்கியபோது உத்தரவாதத்துக்காக அக்கா மகன் எடுத்து வைத்திருந்த படத்தில் இருந்த அதே வரிசை எண். புதிது என்று சொல்லிப் பணம் வாங்கிய ரேமை அவர்கள் தொடவே இல்லை! புது ரேமுக்கு ஆன செலவு 2,900 ராண்ட். அதன் பிறகு சர்வர் நிற்கவில்லை.

செய்ய வேண்டியவற்றை விரிவாக எழுத நினைத்திருந்தேன். மூன்று நாள் பில்களைக் கையால் மறுபடி ஏற்ற வேண்டியிருப்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். நீலத்திரையைப் படமெடுங்கள். யாரையும் தொட விடுவதற்கு முன் டம்ப் கோப்புகள் இருக்கும் மினிடம்ப் கோப்புறையையும் ஈவன்ட் வியூவர் பதிவையும் பென் டிரைவில் எடுத்து வையுங்கள். உதிரிபாகங்களின் வரிசை எண்களைக் குறித்துக்கொண்டு, கழற்றிய பழையவற்றைக் கையில் வாங்கிய பிறகே பணம் கொடுங்கள். இந்தப் பிழைப் பதிவுகளைத் திறந்து பார்க்காமலே விண்டோஸை மறுபடி நிறுவலாம் என்பவரை அப்படியே அனுப்பிவிடுங்கள்.