லீவில் ஊருக்குப் போய் அப்பாவின் கணையக் கட்டியைப் பார்த்த கதை

லீவுக்கு ஊருக்குப் போகிறோம், அப்படியே அப்பா அம்மாவுக்கு ஒரு செக்கப்பையும் முடித்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் நம்மில் முக்கால்வாசிப் பேர் கிளம்புகிறோம். சர்க்கரை, பிரஷர், கண் என்றால் நடக்கிற காரியம். கணையத்தில் நீர்க்கட்டி என்றால் கணக்கே வேறு. ஸ்கேன் மறுநாளே கிடைத்துவிடும், அதில் குறையே இல்லை. அந்த ஸ்கேனை எதோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நான் போவதற்குச் சில மாதம் முன்னால் அப்பாவுக்குக் கணைய அழற்சி (பான்கிரியாடைட்டிஸ்) வந்து அட்மிட் ஆகியிருந்தார். குடிப்பழக்கம் கிடையாது, பித்தப்பையில் கல் இல்லை, ட்ரைகிளிசரைடு, கால்சியம் எல்லாம் சரியாகத்தான் இருந்தன, அதாவது வழக்கமான காரணம் எதுவும் இல்லை. சி.டி. ஸ்கேனில் கணையத்தின் தலைப்பகுதியில் 22 மி.மீ. அளவில் ஒரு நீர்க்கட்டி. டிஸ்சார்ஜ் சம்மரியில் 'சூடோசிஸ்ட்' என்று போட்டு முடித்துவிட்டார்கள், அதாவது அழற்சிக்குப் பிறகு தங்கிப்போன நீர்ப்பை. அதில் புற்றுநோய் வராது என்பதால் வீட்டில் எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள். எனக்கு மட்டும் ஒன்று இடித்தது: ஸ்கேன் எடுத்தது வலி தொடங்கிய மறுநாள். சூடோசிஸ்ட்டுக்குச் சுவர் உருவாகவே பொதுவாக 4 வாரம் ஆகும், ஒரே நாளில் அது எங்கிருந்து முளைக்கும்?

நான் கூட்டிப்போன வயிறு, குடல் டாக்டர் புது ரிப்போர்ட்டைக் கையில் வாங்குவதற்கு முன்பே, "இதுக்கு முன்னாடி வயித்துல எப்பவாவது ஸ்கேன் எடுத்திருக்கீங்களாய்யா?" என்று அப்பாவிடம் கேட்டார். 4 வருடத்துக்கு முன் சிறுநீரகக் கல்லுக்காக எடுத்தது இருந்தது. ஸ்கேன் எடுத்த இடத்தில் கேட்டால் பழைய படங்களை அழித்துவிட்டோம் என்றார்கள். நல்லவேளை, அம்மா ஃபிலிமைக் கவரோடு பீரோவுக்கு மேலே வைத்திருந்தாள். டாக்டர் அதை விளக்குப் பெட்டியில் மாட்டி, பேனா முனையால் ஒரு மங்கலான வட்டத்தைச் சுற்றிக் காட்டினார், கிட்டத்தட்ட 18 மி.மீ. அன்றைய ரிப்போர்ட்டில் கல்லைப் பற்றி அரைப் பக்கம் இருக்கிறது, கட்டியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஆக, கட்டிதான் முதலில் வந்திருக்கிறது, அழற்சி அப்புறம்.

இது ஏன் முக்கியம் என்றால், கணைய நாளத்தின், அதாவது செரிமான நீரைக் கொண்டுபோகும் குழாயின், கிளைகளில் சளி போன்ற திரவத்தைச் சுரக்கும் ஒருவகைக் கட்டி வரும், ஐ.பி.எம்.என். என்கிறார்கள். அந்தச் சளி கெட்டியாகி நாளத்தை அடைத்தால் உள்ளேயே தேங்கும் செரிமான நீர் கணையத்தைப் புண்ணாக்கிவிடும், அதுதான் அழற்சி. இந்தவகைக் கட்டிகளில் பெரும்பாலானவை காலம் முழுக்க ஒன்றும் செய்யாமல் கிடக்கும், சிலது மட்டும் மெல்ல மெல்லப் புற்றுநோய்ப் பக்கம் நகரும். இன்னொரு பக்கம், வருடக்கணக்கில் தொடரும் அழற்சியே, செல்கள் சிதைவதும் திரும்ப வளர்வதுமாக, புற்றுநோய் ஆபத்தைக் கூட்டுகிறது. கட்டி உள்ளவருக்குக் கணைய அழற்சி வந்தால் கவனிக்க வேண்டிய அறிகுறிகளில் அதையும் சேர்த்து எண்ணுகிறார்கள். கட்டி 3 செ.மீ. ஆவது, வருடத்துக்கு 2.5 மி.மீ.க்குக் குறையாமல் வளர்வது, முதன்மை நாளம் 5 மி.மீ. அல்லது அதற்கு மேல் விரிவது, சர்க்கரை புதிதாக வருவது எல்லாம் அதே பட்டியல்தான். நாளம் 10 மி.மீ. ஆகிவிட்டாலோ, கட்டிக்குள் 5 மி.மீ.க்குக் குறையாத ரத்த ஓட்டமுள்ள முடிச்சு தெரிந்தாலோ, மஞ்சள் காமாலை வந்தாலோ பேச்சு ஆபரேஷனுக்குப் போய்விடும்.

எம்.ஆர்.ஐ. எடுத்த சென்டரைப் பாராட்டியே ஆகவேண்டும். நான் இருக்கிற நாட்டில் இதற்கு வாரக்கணக்கில் காத்திருக்கணும், இங்கே மறுநாள் காலையே வரச் சொன்னார்கள். அப்பாவுக்குக் காது மந்தம். அந்த டெக்னீஷியன் பெண் மெஷினுக்குள் அனுப்பும் முன் அவரைப் படுக்கவைத்து, "மூச்சை விடுங்கய்யா, அப்படியே நிறுத்துங்க" என்று சொல்லிச் சொல்லிப் பழக்கினார், படம் அவ்வளவு தெளிவாக வந்ததற்கு அதுதான் காரணம். ரிப்போர்ட்தான் சொதப்பல். கட்டியின் அளவு இருக்கிறது, நாளத்தின் அகலம் இல்லை, முடிச்சு உண்டா இல்லையா என்று இல்லை, கொடுத்தனுப்பிய பழைய படத்தைப் பார்த்த சுவடே இல்லை. திரும்பப் போய்க் கேட்டதும் ரேடியாலஜிஸ்ட் முகம் சுளிக்காமல் உள்ளே கூப்பிட்டு மறுபடி பார்த்து எழுதித் தந்தார்: நாளம் 4 மி.மீ., கட்டிக்கும் நாளத்துக்கும் தொடர்பு இருக்கிறது, முடிச்சு இல்லை. கேட்டால் செய்கிறார்கள், கேட்கத் தெரியாதவர்கள் என்ன பண்ணுவார்கள் என்றுதான் தெரியவில்லை.

அடுத்தது வாய்வழியாக ஸ்கோப்பை இறக்கி உள்ளிருந்தே அல்ட்ராசவுண்ட் பார்ப்பது, கூடவே ஊசியால் கட்டியின் நீரை எடுப்பது. இதை வேறொரு பெரிய ஆஸ்பத்திரியில் செய்தோம். வேலை சுத்தம், பேச்சு மோசம். ஒப்புதல் தாளை நீட்டி இங்கே கையெழுத்து, அங்கே கையெழுத்து என்று அவசரப்படுத்தினார்கள். ஊசி போட்டால் சிலருக்கு மறுபடி அழற்சி வரலாம் என்பதை, அதிலிருந்து இப்போதுதான் எழுந்து வந்த மனிதரிடம், நான் கேட்ட பிறகுதான் சொன்னார்கள்.

லேப் ரிசல்ட் டாக்டருக்குப் போகும் முன்பே அக்காவின் வாட்ஸ்அப்புக்கு வந்துவிட்டது. கட்டியின் நீரில் சி.இ.ஏ. என்ற புரதத்தின் அளவு, எண் சிவப்பில். "கேன்சர்னு வந்திருக்காடா?" என்று அழுகிற குரலில் போன். அந்த நீரில் சி.இ.ஏ. ஒரு மில்லிக்கு 192 நானோகிராமுக்கு மேல் இருந்தால் சளிவகைக் கட்டியாக இருக்கலாம் என்று அர்த்தம், புற்றுநோயா இல்லையா என்பதை அந்த எண் சொல்லாது. அதற்குச் செல்களைப் பார்க்க வேண்டும். பார்த்ததில் மோசமான செல் எதுவும் இல்லை. இந்த நாலு வரியை ரிசல்ட்டோடு அனுப்ப ஒரு ஆள் போட்டால் எத்தனை வீடுகள் அன்றிரவு தூங்கும்!

பேக்கேஜ் கவுன்டரில் இரண்டு ரத்த டெஸ்ட், அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி.யும் கணையப் புற்றுநோய்க்குப் பார்க்கும் சி.ஏ. 19-9-ம், சேர்த்து எடுக்கச் சொன்னார்கள். சி.ஆர்.பி. சளிக்காய்ச்சலுக்கும் ஏறும். சி.ஏ. 19-9 பித்த நாளம் அடைத்தாலும் ஏறும், சிலர் உடம்பில் அது சுரப்பதே இல்லை. கட்டியின் நீரில் உள்ள அழற்சிப் புரதங்களை வைத்து எது ஆபத்தான கட்டி என்று பிரிக்கும் ஆராய்ச்சி நடக்கிறது, ஆனால் கவுன்டரில் விற்கிற டெஸ்ட் அது இல்லை. இரண்டில் சி.ஏ. 19-9-ஐ மட்டும் டாக்டர் எடுக்கச் சொன்னார், நார்மல்.

இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம் என்பது முடிவு. சிகரெட்டை நிறுத்தச் சொல்லியிருக்கிறார், அழற்சி, புற்றுநோய் இரண்டின் ஆபத்தையும் அது கூட்டும், அப்பா தலையாட்டியிருக்கிறார், பார்ப்போம். வயிற்றுவலி திரும்ப வந்தாலோ, கண் மஞ்சளித்தாலோ, காரணமில்லாமல் எடை குறைந்தாலோ தேதிக்குக் காத்திருக்காமல் போகணும். படங்கள் முழுவதையும் பென்டிரைவில் வாங்கி மூன்று இடத்தில் வைத்தாயிற்று. அடுத்த எம்.ஆர்.ஐ. 6 மாதம் கழித்து, அதே சென்டரில். அக்கா கூட்டிப்போவாள். பழைய அளவோடு ஒப்பிட்டு எழுதவில்லை என்றால் ரிப்போர்ட்டை வாங்காமல் அங்கேயே உட்கார்ந்துவிடு என்று சொல்லிவைத்திருக்கிறேன், அவள் உட்காருவாள்.