முக்திநாத் போகும் மலையகத்தாருக்கு: மாத்திரையா, மெதுவான பயணமா?

"நாம மலையிலேயே பிறந்து வளர்ந்த ஆட்கள், நமக்கென்ன?" ஹட்டன் பக்கம், நேபாளத்து இமயமலைக் கோயிலான முக்திநாத்துக்கு யாத்திரை போகும் பேச்சு எழுந்தாலே இந்த வசனமும் கூடவே வரும். ஆனால் இலங்கையிலேயே உயரமான பீதுருதலாகலை மலையே 2,524 மீட்டர்தான். உயரத்தில் ஒட்சிசன் குறைவதால் வரும் மலைநோய் பொதுவாகத் தலைகாட்டத் தொடங்குவதே 2,500க்கு மேல். சிவனொளிபாத மலையில் வாங்குவது படியேறிய மூச்சு, மலைநோய் அல்ல. காலிமுகத்திடலை விட நுவரெலியாவில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் ஒட்சிசன் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. 3,700 மீட்டரில் இருக்கும் முக்திநாத்தில் மூன்றில் ஒரு பங்கு குறைவு.

விமானம் ஏறும் நேபாள நகரமான பொக்காரா சுமார் 800 மீட்டர். ஒரு வழி, காலையில் விமானத்தில் கோயிலுக்குக் கீழே உள்ள ஜொம்சொம் ஊர் (2,700 மீட்டர்), அப்படியே ஜீப்பில் கோயில், இரவும் அங்கேயே. நாள் மிச்சம், சரி. ஆனால் ஒரே நாளில் 2,900 மீட்டர் ஏறிப் படுக்கிறீர்கள். தலைவலி தொடங்குவது பெரும்பாலும் 6 முதல் 12 மணி நேரத்துக்குள், அதாவது ஊர் அடங்கிய பிறகு. இன்னொரு வழி, ஜொம்சொமில் இரண்டு இரவு தங்கி, நடுவில் தரிசனத்துக்குப் போய் அன்றே இறங்கிவந்து படுப்பது. பகலில் எவ்வளவு ஏறினோம் என்பதை விட எங்கே தூங்குகிறோம் என்பதுதான் முக்கியம். என் ஓட்டு இதற்கே.

நாள் கிடைக்காதவர்களுக்கு அசெட்டசோலமைட், கடையில் டயமொக்ஸ். 125 மில்லிகிராம், இருவேளை, ஏறுவதற்கு முதல் நாளே தொடங்க வேண்டும். உடம்பு பழகுவதை விரைவாக்கும், அவ்வளவுதான். விரல் நுனி ஊசி குத்தும், சோடா சப்பென்று இருக்கும், அடிக்கடி சிறுநீர் வரும். ஜீப்பில் போகும் வயதான அம்மாமாருக்கு அது சின்ன விஷயமில்லை. சல்பா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் டொக்டரிடம் கேட்காமல் தொடவே கூடாது.

கற்பூரம் முகர்ந்தால் மூக்கு திறந்த மாதிரி இருக்கும். ஆனால் இரத்தத்தில் ஒட்சிசன் அதிகரிக்காது. இஞ்சி பிளேன்டீ குளிருக்கு நல்லது.

தலைவலியோடு குமட்டல், சோறு இறங்காமை, தலைசுற்றல் என்றால் மேலே ஏறாமல் ஓய்வெடுங்கள், பனடோல் போடலாம். கூடினால் இறங்குங்கள். குதிகாலும் பெருவிரலும் ஒட்ட நேர்கோட்டில் நடக்க முடியவில்லை, பேச்சு குழறுகிறது, சும்மா உட்கார்ந்திருந்தும் மூச்சு வாங்குகிறது என்றால் மாத்திரையா ஓய்வா என்ற ஆராய்ச்சியே வேண்டாம். ஒட்சிசன் இருந்தால் கொடுத்தபடி, துணையோடு, உடனே கீழே. விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ஜீப் கூலி பேசும்போதே, நடு இரவில் கூப்பிட்டாலும் வருவாரா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.