கோபியில் பாதி மோவாயோடு ஒரு பகல்

ஊசி உள்ளே இருக்கும்போதே கரண்ட் போய்விட்டது. நான் மல்லாந்து படுத்திருக்கிறேன், மின்சார ஊசியால் மோவாய் முடியை எடுக்கிற வேலை, இடப்பக்கம் பதினோராவது முடி, அதைச் செய்கிற அக்கா பெடலை மிதித்தபடி இருக்கிறார், மிஷின் கீச் கீச்சென்று நொடி எண்ணுகிறது, திடீரென்று சத்தமே இல்லை. ஃபேன் கொஞ்சம் தளர்ந்தது, இன்வெர்ட்டர் பிடித்ததும் மறுபடி சுற்றியது. மிஷின் மட்டும் எழவில்லை. அக்கா ஊசியை மெல்ல உருவிவிட்டு, இழவு சொல்ல வந்தவர் மாதிரி, "ஐயோ, இன்னைக்கு மாசாந்திரமுங் அம்முணி" என்றார். மணி 9.05.

மாதாந்திரப் பராமரிப்பு என்றால் என்னவென்று நம்மூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒன்பதுக்குப் போனால் நாலுக்கோ ஐந்துக்கோதான் முகம் காட்டும். பதினான்கு வருஷமாக நியூ ஜெர்சியில் இருக்கிறேன், அங்கே கரண்ட் போக வேண்டுமானால் புயல் அடிக்க வேண்டும், இல்லை பனி பாரம் தாங்காமல் மரம் கம்பி மேல் சாய வேண்டும். அந்தச் சுகத்தில் பேப்பரில் மின்தடைப் பகுதிகளைப் பார்க்கிற பழக்கமே விட்டுப்போச்சு. சின்ன வயதில் அந்தக் கட்டத்தைப் பார்க்காமல் எங்கள் வீட்டில் இட்லிக்கு மாவாட்ட மாட்டார்கள்.

தம்பி கல்யாணத்துக்குத்தான் வந்திருந்தேன். கொங்கில் இப்போது பையனுக்குப் பெண் கிடைப்பது என்ன பாடு என்று தெரியும், முப்பத்தாறு வயதில் ஒரு வழியாக அமைந்தது. நான்தான் இணைச்சீர்க்காரி, மாப்பிள்ளைக்கு உடன்பிறந்தவள் செய்கிற சீர் அது. மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் அக்காவாக நான் உட்கார, நாலு கேமரா முகத்துக்கு நேராக. எனக்கு இருபது வயதிலிருந்தே பி.சி.ஓ.எஸ். என்கிற ஹார்மோன் கோளாறு, அதனால் மோவாயில் முடி. பார்லர், நூல், வேக்சிங் எல்லாம் பார்த்தாயிற்று. அமெரிக்கா போய் லேசரும் செய்தேன். கறுப்பு முடி நிறையப் போனது, ஆனால் லேசர் ஒளி பிடித்துக்கொள்வது முடியின் கறுப்பு நிறமியைத்தான், வெள்ளை முடிக்கு அது ஒன்றும் செய்யாது. நாற்பதைத் தாண்டிய மோவாயில் எது மிஞ்சும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அதனால்தான் எலக்ட்ராலிசிஸுக்கு வந்தேன், முடிக்குழியில் ஊசியை விட்டு மின்சாரத்தால் வேரை அழிக்கிற முறை அது. அங்கே மருந்து, மருத்துவக் கருவிகளைக் கட்டுப்படுத்துகிற அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. லேசரை முடி நிரந்தரமாகக் 'குறையும்' என்றுதான் சொல்ல விடுகிறது, நிரந்தரமாகப் 'போகும்' என்பது எலக்ட்ராலிசிஸுக்கு மட்டும். ஒவ்வொரு முடியாகக் குத்த வேண்டும், எல்லா முடியும் ஒரே சமயத்தில் வளர்ச்சியில் இருக்காது, ஒரு வருஷம் ஒன்றரை வருஷம் விடாமல் போக வேண்டும். நடுவில் ஆறு வாரம் ஊருக்கு வந்தால் என்ன ஆகும்? முளைத்துவிட்டது. பிடுங்கவும் கூடாது, வேர் இருந்தால்தான் ஊசிக்கு வேலை.

முதலில் கோயமுத்தூரில் ஓர் இடத்துக்குப் போன் போட்டேன். "எலக்ட்ராலிசிஸ் பண்றீங்களா?" "பண்றோம் மேடம், வாங்க." கோபியிலிருந்து சத்தி, புளியம்பட்டி, அன்னூர் என்று இரண்டரை மணி நேரம் பஸ்ஸில் போனால் வரவேற்பில் இருந்த பெண் ஒரு சீட்டு எழுதிக் கீழ்த்தளத்து லேபுக்குப் போகச் சொன்னாள். பார்த்தால், எலக்ட்ரோலைட்ஸ், ரத்தத்தில் உப்புகளைப் பார்க்கிற டெஸ்ட். சோடியம், பொட்டாசியம்! மோவாயைக் காட்டி விளக்கினேன். "ஓ, ஹேர் ரிமூவலா, அதுக்கு லேசர் இருக்கு, ஆறு சிட்டிங் பேக்கேஜ்" என்றாள். வெள்ளை முடி என்றேன். "புது மெஷின் மேடம், எல்லாத்துக்கும் ஆகும்." சண்டை போடத் தெம்பில்லை. பஸ் ஸ்டாண்டில் ஒரு காபி குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

அக்காவைக் காட்டியது ரவிக்கை தைக்கிறவர். நம்ம கோபியிலேயே, வீட்டு முன்னறையில், போர்டுகூடக் கிடையாது. முப்பது வருஷத்துக்கு முன்னால் பெங்களூரில் கற்றுக்கொண்டாராம். நியூ ஜெர்சியில் இந்த வேலைக்கு லைசென்ஸ் வேண்டும், சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருப்பார்கள். இங்கே சுவரில் முருகன் காலண்டர்தான். உள்ளே நுழையும்போது எனக்குக் கொஞ்சம் பயம்தான், ஒளிக்கவில்லை. ஆனால் அவர் கேட்ட முதல் கேள்வி: "ஏனுங் அம்முணி, நெஞ்சுல பேஸ்மேக்கர் ஏதாச்சும் வெச்சிருக்கீங்ளா?" அடுத்து, வெட்டுக்காயம் பட்டால் தழும்பு தடித்து எழும்புமா என்று. பிறகு ஊசிப் பாக்கெட்டை என் கண் முன்னாலேயே பிரித்தார். அங்கே முதல் நாள் நாலு பக்கம் படிவம் நிரப்பினேன், அதில் இருந்ததும் இதேதான்.

மச்சத்தில் ஒரு முடி உண்டு, அதையும் எடுக்கச் சொன்னேன். "அதை நான் தொடமாட்டனுங், டாக்டர்கிட்டக் காட்டி எழுதி வாங்கியாங்." நியூ ஜெர்சிக்காரியும் இதையே சொல்லித்தான் மூன்று வருஷமாக அது அப்படியே இருக்கிறது.

சரி, கரண்டுக்கு வருகிறேன். இன்வெர்ட்டரில் மிஷினைப் போடக்கூடாதா என்றால், ஒருமுறை போட்டு போர்டு போய், மெட்ராசுக்கு அனுப்பி இரண்டு மாதம் காத்திருந்தாராம். "ஃபேனுக்கும் லைட்டுக்கும் மட்டுந்தானுங்." ஆக, ஃபேன் காற்று வாங்கிக்கொண்டு நான் உட்கார்ந்திருக்கலாம். வீட்டுக்குப் போகலாமென்றால் அங்கே ஒறம்பரைக் கூட்டம், மோவாயில் ஒருபக்கம் சிவந்து தடித்திருக்கிறது, மறுபக்கம் முடியோடு. போகவில்லை. பத்து மணிக்கு ஒரு டீ. பதினொன்றுக்கு அவர் பேரனின் ஜாதகம். பன்னிரண்டுக்குத் தக்காளி சோறு, "சித்தெ சாப்புடுங், வெறும் வயித்துல வலி தாங்காது" என்று. அங்கே பதினைந்து நிமிஷம் தாமதமாகப் போனால் பாதிக் காசைப் பிடித்துக்கொள்வார்கள், இங்கே ஆறேழு மணி நேரம் காத்திருந்ததற்குச் சோறு போடுகிறார்கள். எது மேல் என்று அப்போது கேட்டிருந்தால் காசையே பிடித்துக்கொள்ளட்டும் என்றிருப்பேன்.

பொழுது போகாமல் அக்காவுக்கு ஒரு கதை சொன்னேன். 1875ல் செயின்ட் லூயிஸில் சார்லஸ் மிஷல் என்ற கண் டாக்டர், இமை முடி உள்பக்கம் வளர்ந்து விழியைக் குத்துகிறவர்களுக்காகத்தான் இந்த வைத்தியத்தையே ஆரம்பித்தார். ஊசி வழியாக நேர்மின்சாரம் (டி.சி.) விட்டால் முடிக்குழியில் இருக்கும் உப்பும் தண்ணீரும் மாறிக் காஸ்டிக் சோடா ஆகிறது, வேரை அதுவே அரித்துவிடுகிறது. காஸ்டிக் சோடா என்றதும் அக்கா நிமிர்ந்தார். "திருப்பூர்ல பிளீச்சிங்குக்குப் போடுவாங்ளே, அதுங்ளா?" அதுவேதான், ஒரு துளியில் கடுகளவுகூட இல்லை. உயர் அதிர்வெண் மின்சாரத்தால் வேரைச் சுட்டுப்போடும் முறை பிறகு 1920களில் பிரான்சில் வந்தது, அக்கா மிஷினில் இரண்டும் சேர்ந்தே இருக்கிறது. அந்த டாக்டர் வீட்டுக்கு லைன் கிடையாது, பேட்டரியில்தான் செய்தார் என்று முடித்தேன். அக்கா கொஞ்ச நேரம் மிஷினையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப அவருக்கு மாசாந்திரமே இல்லீங் பாருங்" என்றார்.

கரண்ட் 3.50க்கு வந்தது. முழுசும் முடித்துவிடலாம் என்று ஓடிப்போய்ப் படுத்தேன். அக்கா எட்டே எட்டு முடி எடுத்தார், அதுவும் அடுத்தடுத்து எடுக்காமல் விட்டு விட்டு. ஊசி போய் நொடிகள் கழித்து, சாமணத்தால் தொட்டதும் முடி இழுக்காமலே வழுக்கிக்கொண்டு வரும், நுனியில் ஈரமாக மின்னும் ஒரு உறை, டிஷ்யூவில் அதை வரிசையாக ஒட்டிவைப்பார். காலையில் பாதியில் நின்ற பதினோராவது முடியும் இப்போது வந்துவிட்டது. அத்தோடு மிஷினை அணைத்துவிட்டார். "நம்ம தோலுக்கு இதுக்கு மேல போட்டாக் கருத்துப் போகுமுங். நாலு நாள்ல கல்யாணத்தை வெச்சுக்கிட்டு." அவர் சொன்னது சரிதான், போன வருஷம் அங்கே அவசரப்பட்டு எனக்கு வந்த இரண்டு கரும்புள்ளி ஆறு மாதம் போகவில்லை. மீதி முடியைச் சின்னக் கத்தரியால் ஒட்ட நறுக்கிவிட்டார். 400 ரூபாய். அரை மணிக்கு அங்கே டிப்ஸோடு 65 டாலர் கொடுக்கிறவள் நான், கூடக் கொடுத்தால் வாங்கவே மாட்டேன் என்றுவிட்டார். இரண்டு நாளைக்கு மஞ்சள் பூசக்கூடாது என்று மட்டும் கண்டிப்பு.

கல்யாண வீட்டில், ஈரோட்டு மஞ்சள் விளையும் சீமையில், பெண்பிள்ளை மஞ்சள் பூசக்கூடாதாம்! பெரியம்மா விடவில்லை. "மஞ்சளைத் தேய்ச்சுக் குளிச்சிருந்தா இந்த முடியே மொளைச்சிருக்காது கண்ணு, அமெரிக்காவுல என்ன சோப்புப் போட்டியோ." நான் பாத்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டேன். வெளியே வந்தபோது அப்பா சாய்வு நாற்காலியில் இரண்டு நாள் பழைய பேப்பரை விரித்து வைத்திருந்தார். "ஏன் அம்முணி, முந்தாநேத்தே போட்டிருக்கானே, என்கிட்டக் கேட்டிருந்தாச் சொல்லியிருப்பனே."

ஆல்பம் போன வாரம் கூரியரில் வந்தது. நான் இணைச்சீருக்கு உட்கார்ந்திருக்கிற படம் பக்கம் முழுக்க. போட்டோக்காரர் கம்ப்யூட்டரில் முகத்தை வழவழவென்று மொழுகிவிட்டார், வலப்பக்கம் இடப்பக்கம் இரண்டும் ஒரே பளபளப்பு. மச்சத்தையும் காணோம்.